சங்கில் கேமியோ செதுக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கேமியோ, அதாவது வேறு நிறப் பின்னணியில் புடைத்து நிற்கும் உருவம், செதுக்க வருகிறவர்கள், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். உளி வழுக்குவது, மூக்கு நுனி உடைவது எல்லாம் கை பழகினால் சரியாகும். சங்கின் தன்மை புரியாமல் செய்கிற தவறுகள் கை பழகியும் போவதில்லை.

நிறத்தை நம்பி வாங்குவது

ராணிச் சங்கின் இளஞ்சிவப்பு அழகுதான். ஆனால் வெயில் படப்பட வெளுத்துவிடும். 1992 முதல் அது சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது. பழக ஹெல்மெட் சங்கே நல்லது. அதில் கரீபியன் கடலின் காசிஸ் மடகாஸ்கரியென்சிஸ் வகையில் வெள்ளைக்குக் கீழே அடர்பழுப்பு கிடைக்கும். இந்திய, பசிபிக் கடல்களின் சைப்ரேகாசிஸ் ரூஃபா வகையில் ஆரஞ்சுச் சிவப்பு.

பின்பக்கத்தைத் தேய்ப்பது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஹெல்மெட் சங்கின் ஓட்டில் மூன்று அடுக்குகள். சொரசொரப்பான மேல்தோலை எடுத்தால் வெள்ளை வரும், உருவம் அதில்தான். உள்பக்கத்துப் பழுப்புதான் பின்னணி. சங்கு வளைந்தது என்பதால் அதிலிருந்து அறுத்தெடுத்த வில்லையும் முன்னால் புடைத்து, பின்னால் குழிந்திருக்கும். தட்டையான சட்டத்தில் உட்காரவில்லை என்று உப்புத்தாளில் தேய்க்கிறார்கள். குழிந்த வில்லையில் முதலில் தேய்வது ஓரம். பழுப்பு அங்கேதான் மெலிகிறது.

ஒரு மாணவி பெண் முகம் ஒன்றைச் செதுக்கியிருந்தார். முக்காட்டின் ஓரத்தில் வெள்ளையை அவ்வளவு மெல்லியதாக இழைத்திருந்தார். பழுப்பு ஊடாகத் தெரிந்து, நிஜத் துணி மாதிரியே இருந்தது. பிறகு சட்டத்துக்காகப் பின்பக்கத்தைத் தேய்த்துவிட்டார். சுற்றிலும் வெளிறிய வளையம். முக்காடும் பின்னணியும் ஒரே நிறமாகிவிட்டன. பின்னால் சாயம் பூசியதில் திட்டுத்திட்டாகத்தான் தெரிந்தது. போன அடுக்கு திரும்பாது.

கேமியோவுக்குப் பேர்போன இத்தாலிய ஊரான தோரே தெல் கிரேக்கோவில் செதுக்கிய பழைய கேமியோக்களைத் திருப்பிப் பாருங்கள். குழிவு அப்படியே இருக்கும். வளைவுக்குத் தக்கபடி சட்டத்தின் உள்விளிம்பைத்தான் இழைக்க வேண்டும்.

உலர அறுப்பது

சங்குத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் விட்டு அறுங்கள், முகமூடியும் போடுங்கள்.

வினிகர் சோதனை

நிஜச் சங்குதானா என்று பார்க்க வினிகர் விடுவது வேண்டாம். சங்கு கால்சியம் கார்பனேட். அமிலம் மெருகை அரித்துவிடும்.

அல்ட்ராசோனிக்கில் கழுவுவது

ஒலியதிர்வால் நகை கழுவும் கருவியில் சங்கைப் போடவே கூடாது.

எண்ணெயை மறப்பது

காய்ந்த சங்கில் மயிரிழை விரிசல் விழும். அவ்வப்போது மினரல் ஆயிலை மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு விட்டு, மென்துணியால் துடைத்துவிடுங்கள். பின்பக்கக் குழிவுக்கும் தடவ வேண்டும். பலர் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.