பிஓஎம் சேர்மத்தைப் புற்றுநோய்ச் செல்லில் சோதிக்கும் முன் செய்ய வேண்டியவை

பாலிஆக்சோமெட்டலேட், சுருக்கமாக பிஓஎம். டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் போன்ற உலோகங்களும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவாகும் எதிர்மின் கொத்துகள் இவை. பல கொத்துகளைச் செய்ய உப்பைக் கரைத்து, அமிலம் விட்டு, பிஎச்சைச் சரியாகப் பிடித்தாலே போதும். ஜப்பானில் யமாசே குழு பிஎம்-8 என்ற ஹெப்டாமாலிப்டேட் உப்பு எலிகளில் கட்டி வளர்ச்சியைத் தடுப்பதாக 1988இல் காட்டியதிலிருந்து இந்தத் துறை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் ஒரு பிஓஎம்கூட இதுவரை புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை, அதனால் கீழே உள்ளது முழுக்க ஆய்வக வேலைக்கான குறிப்பு, யாரும் உட்கொள்வதற்கானது அல்ல.

எடுத்தவுடனே 96 குழித் தட்டில் செல்களைப் போட்டு ஐசி50 (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் செய்த கொத்து, செல் வளரும் ஊட்டக் கரைசலில், அதாவது மீடியத்தில், கொத்தாகவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பிஓஎம்கள் அமிலக் கரைசலில் பிறந்தவை, மீடியமோ பிஎச் 7.4, 37 டிகிரி, போதாததற்கு பாஸ்பேட், சீரம் புரதம் எல்லாம் உள்ளே கிடக்கும். ஹெப்டாமாலிப்டேட்டே அந்த பிஎச்சில் சாதாரண மாலிப்டேட்டாக உடைந்துவிடும்.

பத்து வனேடியம் கொண்ட பிஓஎம்மான டெகாவனடேட்டை வைத்துச் செய்து பாருங்கள், கண்ணாலேயே தெரியும். சோடியம் மெட்டாவனடேட்டைக் கரைத்து பிஎச்சை 4-5க்கு இறக்கினால் நல்ல ஆரஞ்சு நிறம் வரும், அதுதான் பத்து வனேடியம் சேர்ந்த கொத்து. அதைப் பினால் ரெட் இல்லாத மீடியத்தில் விட்டு (பினால் ரெட் பிஎச் காட்டும் சாயம், இருந்தால் அதன் நிறம் குழப்பும்) 37 டிகிரியில் வையுங்கள். நேரம் போகப் போக ஆரஞ்சு வெளிறும். கூடவே வனேடியம்-51 என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுங்கள்: கொத்துக்கு −422, −500, −515 பிபிஎம் பக்கம் மூன்று கோடுகள், உடைந்த ஒற்றை வனடேட்டுக்கு −560 அருகே ஒன்று. கலந்தவுடன் ஒரு முறை, சில மணி நேரம் கழித்து ஒரு முறை, செல்லோடு எவ்வளவு நேரம் வைக்கப்போகிறீர்களோ அந்த நேரம் முடிந்ததும் ஒரு முறை. என்எம்ஆருக்கு மில்லிமோலார் அளவு வேண்டும், செல்லுக்குப் போடுவதோ மைக்ரோமோலார், நீர்க்க நீர்க்கக் கொத்து இன்னும் உடையத்தான் பார்க்கும் என்பதையும் மனதில் வையுங்கள். பாஸ்பரஸும் டங்ஸ்டனும் கொண்ட பாஸ்போடங்ஸ்டேட் என்றால் பாஸ்பரஸ்-31 என்எம்ஆர் போதும்: −15 அருகே இருந்த கோடு குறைந்து −10 பக்கம் புதிதாக ஒன்று தலைகாட்டினால் ஒரு டங்ஸ்டன் கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

சரி, பாதி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் வேலை வீண் இல்லை, ஆனால் ஒப்பீட்டுச் சோதனை கட்டாயம். 10 மைக்ரோமோலார் டெகாவனடேட் போட்டால், பக்கத்துக் குழிகளில் 100 மைக்ரோமோலார் சாதாரண வனடேட் போடுங்கள், ஏனென்றால் ஒரு கொத்தில் பத்து வனேடியம். இரண்டும் ஒரே மாதிரி கொன்றால் கொத்துக்கு அதில் தனிப் பங்கு இருப்பதாகச் சொல்ல முடியாது. இந்த ஒப்பீட்டுக் குழிகள் இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை. கொத்தோடு உப்பாகச் சேர்ந்திருக்கும் நேர்மின் அயனிக்கும் இதே கதைதான், டெட்ராபியூட்டைல் அமோனியம் தானே செல்லைக் கொல்லக்கூடியது, முடிந்தவரை சோடியம் உப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் எம்டிடி சோதனை: உயிருள்ள செல்கள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஒடுக்கி ஊதாவாக்கும், அந்த நிறத்தை அளந்து எத்தனை செல் பிழைத்தது என்று கணிப்போம். பிஓஎம்கள் எலக்ட்ரானை எளிதில் வாங்கும், கொடுக்கும். ஒடுக்கம் அடைந்தால் பல கொத்துகள் நீலமாகிவிடும், அந்த நீலம் 570 நானோமீட்டர் அளவீட்டிலும் கலந்துவிடலாம். செல் இல்லாமல் மீடியம், பிஓஎம், எம்டிடி மட்டும் உள்ள குழிகளை வைத்து அவற்றின் அளவீட்டைக் கழியுங்கள், கூடவே இறந்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் ப்ளூ சாயம் போட்டுச் செல்களை எண்ணிச் சரிபாருங்கள்.

ஒப்பிட சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினப் புற்றுநோய் மருந்தை வைத்தால் உப்புநீரில் கரையுங்கள், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் வேண்டாம், அது பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொண்டு மருந்தையே கெடுத்துவிடும். நோயில்லாத செல் வகை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கொல்கிறது என்ற கேள்விக்கு அவசரப்பட்டு டிஎன்ஏ என்று எழுதாதீர்கள். செல் பெருக்கத்துக்கு உதவும் சிகே2 கைனேஸ் நொதியைச் சில பிஓஎம்கள் நானோமோலார் அளவிலேயே தடுக்கின்றன, அது சோதனைக்குழாயில். இவ்வளவு எதிர்மின்னைச் சுமந்துகொண்டு செல் சவ்வைக் கடப்பது லேசான காரியம் இல்லை, அதனால் செல்லின் வெளிப்புறத்தில் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை வெட்டும் என்டிபிடிஏஸ் போன்ற நொதிகளையும் சோதிப்பது நல்லது. ரத்த ஆல்புமின் பிஓஎம்மைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சீரம் அளவை மாற்றி இரண்டு முறை ஓட்டுங்கள்.

எலிக்குப் போகும் கட்டம் வந்தால் எச்பிஏ-23ஐ நினைவில் வையுங்கள். ஆன்டிமனியும் டங்ஸ்டனும் கொண்ட அந்தப் பிஓஎம்மை 1980களில் பாரிஸில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், பலன் நிரூபணமாகவில்லை, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. அதனால் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் தரும் திட்டத்திலேயே கட்டியின் அளவோடு தட்டணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் எழுதிவிடுங்கள்.