வளர்ந்தபின்னும் வியப்பைக் கைவிடாமல் இருக்க

"மீண்டும் குழந்தையாகிவிடுங்கள்" என்ற அறிவுரை கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதே தவிர, காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. குழந்தைக்கு எல்லாமே முதல் முறை; அந்த முதல் முறை நமக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் வளர்ந்தவர்களிடம் வியப்பு வற்றிப்போவதற்கு வயதையும் நேரமின்மையையும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பொருளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு பார்வையை விலக்கிக்கொள்கிறோம். வியப்பு அங்கேதான் அறுபடுகிறது. அப்படித் தெரிந்ததாக நினைத்திருப்பது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தேடிப் பார்ப்பது யாரும் பழகிக்கொள்ளக்கூடிய ஒரு வேலை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்பவர்கள் சர் சி. வி. இராமனின் இளமைக் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். 1907 முதல் 1917 வரை அவர் அரசு நிதித்துறையில் அதிகாரி. கல்கத்தாவில் இருந்த காலத்தில் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தார். 1921இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்வந்த பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தியது. வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்ற விளக்கம் அப்போதே பெரிய அறிஞர்களால் சொல்லப்பட்டு, எல்லோராலும் ஏற்கப்பட்டிருந்தது. அவரோ கையில் வைத்திருந்த சிறிய பட்டகத்தின் வழியாகப் பார்த்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கினார். அதன்பிறகும் நீலம் அப்படியே இருந்தது. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய ஆய்வுகள் 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவில் (ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறுவதில்) வந்து சேர்ந்தன. "கடல் ஏன் நீலமாக இருக்கிறது?" என்பது ஐந்து வயதுக் குழந்தை கேட்கும் கேள்விதான். முப்பத்திரண்டு வயதில் அவர் அதற்குக் கிடைத்த பதிலோடு திருப்தியடையவில்லை, அதைச் சோதிக்க ஒரு சிறு கருவியும் சட்டைப்பையில் வைத்திருந்தார். நமக்கு வேண்டியதும் இவ்விரண்டும்தான்.

தொடங்குவதற்கு அடுப்படியைப் போல வசதியான இடம் வேறில்லை. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறோம். சுரீர் என்று சத்தம் வந்தால் மாவை ஊற்றிவிடுகிறோம். யாரும் அந்தத் துளியைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் கடைசித் தோசையை எடுத்தபின், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, வெறும் இரும்புக் கல்லை அளவாகக் காயவைத்து ஒரு துளி விட்டுப் பாருங்கள். அது பரவி, கொதித்து, நொடிப்பொழுதில் மறைந்துவிடும். கல்லை மேலும் நன்றாகக் காயவிட்டு அதே அளவுத் துளியை விடுங்கள். இப்போது அது பரவாது. முத்தாகத் திரண்டு, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும், ஓரத்தில் முட்டித் திரும்பும், சில சமயம் இரண்டு முத்துகள் ஒன்றாகிக் கொஞ்சம் நடுங்கும். முன்னதைவிடப் பல மடங்கு நேரம் உயிரோடிருக்கும். சூடு அதிகமானால் தண்ணீர் விரைவில் ஆவியாக வேண்டும் என்பது நாம் நிச்சயமாக நம்பியிருந்த ஒன்று. கண்ணெதிரே அது தவறாகிறது. துளியின் அடிப்பகுதி தொட்ட கணத்திலேயே ஆவியாகி, அந்த ஆவி மெல்லிய மெத்தையாக நின்று துளியைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது; ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாததால் துளி பிழைத்துக்கொள்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756இல் இதை விரிவாக எழுதிவைத்தார். அவர் பயன்படுத்தியதும் பழுக்கக் காய்ச்சிய ஓர் இரும்புக் கரண்டிதான். (நான்ஸ்டிக் கல்லில் இதைச் செய்ய வேண்டாம், அந்தப் பூச்சு அவ்வளவு சூட்டைத் தாங்காது.)

காரணத்தை நான் இங்கேயே சொல்லிவிட்டேன். அடுத்த முறை உங்களுக்கு நீங்களே அப்படிச் சொல்லிவிடாதீர்கள். ஒன்று புதிராகத் தோன்றியவுடன் கைப்பேசியை எடுத்துத் தேடுவது இன்று எல்லோருக்கும் கைவந்த பழக்கம். தேடுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன், அதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன். இடையில் ஓர் ஊகத்தைச் செய்து, முடிந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்து, அந்த ஊகம் சரியென்றால் வேறு எங்கே எப்படித் தெரியவேண்டும் என்று யோசியுங்கள். ஊகம் செய்தவருக்கு மட்டுமே விடை வியப்பைத் தரும். ஊகிக்காதவருக்கு அது வெறும் செய்தியாக வந்து போய்விடும். விளக்கம் தெரிந்துவிட்டால் அழகு கெட்டுவிடும் என்று கவிஞர்கள் சிலர் வருந்துவதுண்டு. ஆவி மெத்தையைப் பற்றித் தெரிந்தபின் அந்தத் துளியைப் பார்ப்பவர், தெரியாமல் பார்த்ததைவிடக் கூடுதலாகவே பார்க்கிறார்.

அடுத்தது வானம். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், வீட்டில் தொங்கும் நாட்காட்டி போதும். மாசி மகத்தன்று இரவு மொட்டைமாடிக்குப் போய், கையை முழுதாக நீட்டி, உள்ளங்கையால் நிலவை மறைத்துக்கொண்டு அதன் அருகே பாருங்கள். நீட்டிய கையின் மடக்கிய முட்டி (முஷ்டி) அளவு தூரத்துக்குள், வெண்ணிறத்தில் ஒரு நட்சத்திரம் தனியாக நிற்கும். அதுதான் மகம். பெயரளவில் வருடந்தோறும் கொண்டாடிவந்த ஒன்று மேலே உண்மையில் நின்றுகொண்டிருப்பதைக் காண்பது சிறிய அனுபவம் அன்று. மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் பாருங்கள். நிலவு அந்த நட்சத்திரத்தை விட்டு ஒரு முட்டிக்கும் சற்றுக் கூடுதலாகக் கிழக்கே நகர்ந்திருக்கும். இப்படி நகர்ந்து முழு வட்டத்தைச் சுற்றிப் பழைய நட்சத்திரத்திடம் திரும்பிவர அதற்கு 27 நாட்களும் சில மணி நேரமும் ஆகின்றன. நட்சத்திரங்கள் ஏன் 27 என்று எண்ணப்பட்டன என்பதை யாரும் சொல்லாமலே நீங்கள் புரிந்துகொள்வீர்கள். கார்த்திகைத் தீபத்தன்றும் இதைச் செய்யலாம், ஆனால் கார்த்திகை சிறு நட்சத்திரங்களின் கொத்து என்பதால் முழுநிலவின் வெளிச்சத்தில் கண்ணுக்கு அகப்படுவது கடினம். ஒரு வாரம் கழித்து, நிலவு எழுவதற்கு முன்பே மாடிக்கு வந்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் இருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு செய்தி. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்கள் எட்டு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் நடந்தார்கள். ஒரு குழுவினரிடம் மட்டும் வழியில் வியப்பானவற்றைத் தேடும்படி சொல்லப்பட்டது. நடக்கும்போது எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வாரங்கள் போகப்போக, வியப்பைத் தேடியவர்களின் படங்களில் அவர்களுடைய உருவம் சிறுத்து, சுற்றியிருப்பவை அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டன. பூங்காவில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே நடப்பவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அந்த எண்ணிக்கையை விட்டுவிடலாம்.

நடப்பதைக் காட்டிலும் ஓரிடத்தில் நிற்பது இன்னும் நல்லது. மாமரத்திலோ கொய்யா மரத்திலோ முசுறு என்ற சிவப்பு எறும்புகள் இலைகளை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டிருந்தால், கடிபடாத தூரத்தில் நின்று கால் மணி நேரம் பாருங்கள். இலைகள் எட்டாத தூரத்தில் இருந்தால் ஓர் எறும்பின் இடுப்பை அடுத்தது பற்றிக்கொண்டு சங்கிலியாக நின்று இழுக்கின்றன. இரு விளிம்புகளும் நெருங்கியதும் வேறு எறும்புகள் தங்கள் கூட்டின் புழுக்களை (எறும்புக் குஞ்சுகளை) வாயில் கவ்விவந்து, இங்கும் அங்குமாக மாறிமாறித் தொடவைக்கின்றன. ஒட்டுவதற்கான பட்டிழை வளர்ந்த எறும்பிடம் கிடையாது, புழுவிடம்தான் இருக்கிறது. அவசரத்தில் கடந்துபோகும் கண்ணுக்கு இது ஒருபோதும் சிக்காது. தெருவில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவரை நாலு பேர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்பது உண்மை. ஒரு சிறுவனையோ சிறுமியையோ உடன் அழைத்துப் போனால் அந்தக் கூச்சம் இருக்காது. ஆனால் அழைத்துப் போனபின் பாடம் நடத்தத் தொடங்கிவிடக் கூடாது. பிள்ளை "ஏன்?" என்றால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு உண்மையிலேயே காத்திருக்க வேண்டும்.

சில வாரங்கள் எதுவும் வியப்பூட்டாமலே கழியும். அப்போது வலிந்து வியக்க முயல வேண்டாம், அது நடிப்பாகிவிடும். அதற்குப் பதிலாக, தேதி குறித்த நிகழ்வு ஒன்றை நாட்காட்டியில் எழுதிவைத்துக்கொள்வது உதவும். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு முறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அப்போது அதன் அடியிலேயே மறைந்துவிடும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் நிகழ்கிறது. திரும்பவும் சென்னையில் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்திலும் நிகழ்கிறது. சமதளமான இடத்தில், பக்கங்கள் சரியாமல் நேராக இருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவைத்துப் பதினொன்றே முக்காலிலிருந்து நிழலைச் சாக்கட்டியால் குறித்துவாருங்கள். கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு அடிக்கும்போது நிழல் மறையாது. ஏப்ரலில் சென்னையில் இன்னும் ஏழெட்டு நிமிடங்களும், கன்னியாகுமரியில் ஏறக்குறைய இருபது நிமிடங்களும் காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதம் எதனால், இரண்டு ஊர்களுக்கும் அது ஏன் வேறுபடுகிறது என்பதற்கான ஊகத்தை டம்ளரின் பக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டு, விடையை மறுநாள் தேடுங்கள்.