தலைக்கு விலை என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி போனை நீட்டி, "பாருங்கண்ணே, இந்தாளு தலைக்கு ஒரு கோடி டாலராம், அப்ப இவன்தான் செஞ்சிருக்கான்" என்றான். எனக்கு அந்த "அப்ப" மேல்தான் சந்தேகம். அரசு பணம் அறிவிப்பது ஒன்று, நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாவது இன்னொன்று. தம்பி ஒரே தாவலில் இங்கிருந்து அங்கே போய்விட்டான்.

முதலில் பணம் எதற்கு என்று பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 1984 முதல் 'ரிவார்ட்ஸ் ஃபார் ஜஸ்டிஸ்' என்ற திட்டம் நடத்துகிறது. அதில் காசு தகவலுக்கு, தலைக்கு இல்லை. தம்பி காட்டியது 2012 ஏப்ரல் செய்தி: 2008 மும்பைத் தாக்குதலை நடத்தியதாகச் சொல்லப்படும் பாகிஸ்தான் இயக்கமான லஷ்கர்-இ-தொய்பாவைத் தொடங்கிய ஹஃபீஸ் சயீத் பேரில் 1 கோடி டாலர் வரை, அன்றைய மதிப்பில் 50 கோடி ரூபாய் சொச்சம். ஆள் ஓடி ஒளிந்தாரா என்றால் இல்லை, இரண்டே நாளில் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ராணுவத் தலைமையகத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன், அந்தப் பணத்தை எனக்கே கொடுங்கள் என்கிற தோரணையில் கேலி பேசினார். உடனே அமெரிக்கத் தரப்பு விளக்கம் சொன்னது: இருக்கும் இடம் எங்களுக்கும் தெரியும், நீதிமன்றத்தில் நிற்கிற ஆதாரம் கொடுப்பவருக்குத்தான் பணம். கையில் ஆதாரம் போதவில்லை என்று இதைப் படித்தவர்களும் உண்டு, ஆதாரத்தை வெளியே விடாத பாகிஸ்தானுக்குக் கொடுத்த நெருக்கடி என்று படித்தவர்களும் உண்டு.

அடுத்து, யார் போட்ட முத்திரை? ஐ.நா. பாதுகாப்பு சபையின் தடைக் குழு 2008 டிசம்பரில் சயீதைப் பட்டியலில் சேர்த்தது. அது சொத்தை முடக்கும், பயணத்தைத் தடுக்கும், ஆனால் அந்தக் குழு நீதிமன்றம் கிடையாது. ஆளைத் தேடச் சொல்லி பல நாட்டுப் போலீஸுக்கும் போகிற இன்டர்போல் ரெட் நோட்டீஸும் அப்படித்தான், பலர் நினைக்கிற மாதிரி அது உலகம் முழுக்கச் செல்லும் பிடிவாரண்ட் இல்லை, ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவெடுக்கும்.

சரி, நீதிமன்றம் என்ன சொன்னது? இங்கேதான் பொறுமை வேண்டும். 2009 ஜூனில் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை வீட்டுக்காவலிலிருந்து விடுவித்தது. 2020 பிப்ரவரியில் அங்கேயே பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் தண்டித்தது, ஆனால் எந்தக் குற்றத்துக்கு என்று பாருங்கள்: பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டியதற்கு. 166 பேர் செத்த மும்பைத் தாக்குதலுக்காக இல்லை. அப்போது பாகிஸ்தான், பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்.-இன் சாம்பல் பட்டியலில் (கண்காணிப்பில் உள்ள நாடுகள்) சிக்கி, அதிலிருந்து வெளியே வரப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. குற்றப்பிரிவையும் தேதியையும் சேர்த்துப் படித்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

பாகிஸ்தான் கதைதானே என்று நினைக்காதீர்கள். ராஜீவ் கொலை வழக்கில் 1998-இல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள், மற்ற 19 பேரும் வெளியே என்றது. அதோடு கொலை கொலைதான், தடா சட்டம் சொல்கிற பயங்கரவாதச் செயல் இதில் நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. எல்லாரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர்தான் நம்முடையதும்.

அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று பாருங்கள். கடலூர்க்காரர்களான நமக்கு இது சுலபம், புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் போதும். பாரதி 1908-இலிருந்து பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார், வெள்ளைக்காரன் கணக்கில் ராஜத்துரோகி, பிரெஞ்சுக்காரன் மண்ணில் குடியிருப்பவர். 1918 நவம்பரில் எல்லை தாண்டி வந்தவரைக் கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். பாரதியையும் சயீதையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், எல்லை மாறினால் பெயர் மாறும் என்பதற்கு மட்டும் சொன்னேன்.

கடைசியாக, அறிவிப்பு இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள், பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. சிரியாவின் கிளர்ச்சிக் குழுத் தலைவராக இருந்த அகமது அல்-ஷரா, அன்று ஜோலானி என்ற பெயரில், 2017 முதல் 1 கோடி டாலர் ஆள். 2024 டிசம்பரில் டமாஸ்கஸ் அவர் கைக்கு வந்தது, அமெரிக்க அதிகாரிகள் நேரில் போய்ப் பேசினார்கள், அதே மாதம் விலையை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வெள்ளை மாளிகையில் விருந்தாளி. இடையில் எந்த நீதிமன்றமும் அவரை விடுதலை செய்யவில்லை, தேவை மாறியது, அவ்வளவுதான். தாலிபான் அமைச்சர் சிராஜுதீன் ஹக்கானி மேல் இருந்த 1 கோடியையும் 2025 மார்ச்சில் எடுத்தார்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு பார்வர்டு செய்தே ஆகவேண்டும் என்றால், "சர்வதேசப் பயங்கரவாதி" என்ற தலைப்பை அடித்துவிட்டு யார், எந்த வருஷம், எதற்கு, எந்தத் தீர்ப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தம்பிக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: "2008-இல் ஐ.நா. பட்டியல், 2012-இல் அமெரிக்கா 1 கோடி டாலர், 2020-இல் நிதி திரட்டிய குற்றத்துக்கு லாகூரில் தண்டனை, மும்பை வழக்கில் அங்கே தீர்ப்பு இல்லை."

படித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீளமா எழுதினா குரூப்ல எவன்ணே படிப்பான்?" என்றான். டீக்காசு மட்டும் அவனே கொடுத்தான்.