மரத்தில் தொங்கவிட உப்பு மாவு நட்சத்திரங்கள்

சின்னக் குழந்தையோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரம் செய்ய உப்பு மாவுதான் ரொம்ப வசதி. 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர். கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கொடுத்து, நட்சத்திரம், மணி என்று வெட்டுவதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். ஓரம் கோணலானால் திருத்தாதீர்கள், அந்தப் பிஞ்சுக் கை பட்டது தெரியட்டும். நூல் கோக்கும் ஓட்டையை ஈர மாவிலேயே ஸ்ட்ராவால் போட்டுவிட வேண்டும். காய்ந்தபின் குத்தினால் விரிசல் விடும். ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் 2, 3 மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பி வையுங்கள். சூடு கூடினால் உப்பிக்கொள்ளும். நன்றாக ஆறட்டும், அப்புறம் வண்ணம் தீட்டலாம். பார்க்க பிஸ்கட் மாதிரியே இருக்கும், தின்னக் கூடாது. நாய் வளர்ப்பவர்கள் மேல் கிளைகளில் மாட்டுங்கள். அவ்வளவு உப்பு நாய்க்கு ஆபத்து.