ஊசிக்கு முன் வைக்கோல்: ஈனும் பன்றியின் ஹார்மோன்களோடு ஒத்துப்போவது எப்படி

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். ஈனும் தேதிக்கு 5 முதல் 7 நாள் முன்பே ஈற்றுக் கொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். கடைசி நேரத்தில் இடம் மாற்றினால் பன்றி மிரளும். கருப்பையைச் சுருக்கிக் குட்டியை வெளியே தள்ளவும் பாலை இறக்கவும் செய்யும் ஹார்மோன் ஆக்ஸிடோசின். மிரட்சி அதன் சுரப்பைத் தடுக்கும், ஈற்று இழுத்துக்கொண்டே போகும்.

சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஈனுவதற்கு ஓரிரு நாள் முன் சரியும். ஈற்றைத் தூண்டும் ப்ராஸ்டாகிளாண்டினும் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினும் ஏறும். உடனே பன்றிக்குக் கூடு கட்டும் வேகம் பிறக்கும்: தரையைக் காலால் கீறும், மூக்கால் கிளறும், கிடைத்ததைக் கவ்வி வரும். சுமார் 24 மணி நேரம் முன் தொடங்கும் இது, 12 முதல் 6 மணி நேரம் முன் உச்சம் தொடும். வெறும் சிமெண்ட் தரையிலும் தொடங்கவே செய்யும். தூண்டுவது உள்ளிருக்கும் ஹார்மோன். வைக்கோல் அதைத் தணிக்க மட்டுமே. கிளற ஏதுமில்லாத பன்றி கம்பியைக் கடிக்கும், எழுந்தும் படுத்தும் அலையும். ஆகவே சினையின் 112ஆம் நாளிலிருந்து 2 கிலோ உலர்ந்த வைக்கோல் போடுங்கள், குறையக் குறையச் சேருங்கள். கழிவுக் கால்வாய் அடைத்துக்கொள்ளும் என்றால் சணல் சாக்கைக் கட்டித் தொங்கவிடலாம். வைக்கோல் அளவுக்கு வராது, சும்மா விடுவதற்கு மேல்.

அலைச்சல் அடங்கி ஒருக்களித்துப் படுத்தால் ஈற்று நெருங்கிவிட்டது. இனிக் கொட்டிலில் ஒருவர் போதும், சத்தம் கூடாது. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம் ஆகும். முக்கியும் 45 நிமிடமாகக் குட்டி வரவில்லையா? கையுறை போட்டு, வழவழப்புக் களிம்பு தடவி உள்ளே சோதியுங்கள். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது ஆக்ஸிடோசின் ஊசி போடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. கருப்பை இறுகித் தொப்புள்கொடி நசுங்கும்; குட்டிகள் மூச்சுத் திணறிச் செத்தே பிறக்கும். அடைப்பில்லை என்று உறுதியான பிறகு, கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள். 5 முதல் 10 யூனிட் பொதுவாகப் போதும்.

தலையீற்றுப் பன்றி சில வேளை தன் குட்டியையே கடிக்கும். அப்படியானால் குட்டிகளைத் துடைத்து 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் சூடுள்ள பெட்டியில் வையுங்கள். ஈற்று முடிந்து தாய் தணிந்ததும் ஒவ்வொன்றாகக் காம்பில் விடுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் மயக்க ஊசிக்கு மருத்துவரை அழையுங்கள்.

ஈனும்போது ஆக்ஸிடோசின் அடிக்கடி பாய்வதால் சீம்பால் ஏறக்குறைய நிற்காமல் வரும். குட்டி ஒவ்வொன்றும் முதல் 24 மணி நேரத்தில் 250 கிராம் குடிக்க வேண்டும். அதுவரை குட்டிகளுக்குப் பல் வெட்டுவது போன்ற வேலைகளைத் தள்ளிப்போடுங்கள். பிறகு பால் முறைவைத்துத்தான் இறங்கும்: ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை, அதுவும் 10 முதல் 20 வினாடி. பால் இறங்குமுன் தாயின் உறுமல் வேகமெடுக்கும், அதைக் கேட்டே குட்டிகள் தயாராகும். இரைச்சலான மின்விசிறி அந்த அழைப்பை மூழ்கடித்துவிடும்.

பால் வற்றினால் மடியை மட்டும் பார்க்காதீர்கள். மலச்சிக்கலில் குடலிலிருந்து கசியும் நச்சு புரோலாக்டினைக் குறைக்கும். ஈனுவதற்குச் சில நாள் முன்பிருந்தே நார்த்தீவனமும் தாராளமாகத் தண்ணீரும் கொடுங்கள். மடி கெட்டியாகிச் சூடேறி, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உடனே மருத்துவம் தேவை. காய்ச்சலே இல்லாமல் பல பன்றிகளுக்கு மடியே திரளவில்லை என்றால் தானியத்தில் எர்காட் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் புரோலாக்டினைத்தான் அடக்கும்.