ரயில் தொழிலாளர் தீர்ப்பை எங்கிருந்து படிப்பது?

அமெரிக்க ரயில் தொழிலாளர் வழக்கு எதுவானாலும், தகராறு ‘பெரியதா’, ‘சிறியதா’ என்று நீதிமன்றம் சொல்லும் பத்தியைத்தான் நான் முதலில் தேடுவேன். நீங்களும் தேடுங்கள். இவ்வழக்குகளுக்கு அடிப்படையான 1926ஆம் ஆண்டு ரயில் தொழிலாளர் சட்டத்தின் குடுமி அங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத்தையே மாற்றக் கேட்பது பெரியது; பேச்சுவார்த்தையும் மத்தியஸ்தமும் முடியும்வரை இரு தரப்பும் பழைய நிலையில் கைவைக்கக் கூடாது. இருக்கும் ஒப்பந்தத்துக்குப் பொருள் கேட்பது சிறியது. கட்டாயமாக நடுவரிடம் போகும்.

1987இல் கான்ரெயில் என்ற ரயில் நிறுவனம் மருத்துவப் பரிசோதனையோடு போதைப்பொருள் சோதனையையும் சேர்த்தது. நிர்வாகம் ஒப்பந்தத்தைக் காட்டி வாதிட ஓரளவு இடமிருந்தாலே அந்தத் தகராறு சிறியது என்றது 1989இல் உச்ச நீதிமன்றம். நிர்வாகத்துக்குத் தாராளமான அளவுகோல்தான்!

கையோடு 1969ஆம் ஆண்டின் ஷோர் லைன் தீர்ப்பையும் படியுங்கள். தொழிலாளர் பணிக்கு வந்து சேரும் இடம் பற்றிய வழக்கு அது. ஒப்பந்தத்தில் எழுதப்படாத நெடுநாள் நடைமுறையும் ‘பழைய நிலை’யில் அடங்கும் என்கிறது.