ஈபே ஏலத்தில் ஆள் வைத்து விலை ஏற்றுகிறார்களா? வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

ஈபேயில் ஒரு பழைய கேமரா லென்ஸுக்கு நீங்கள் 60 டாலர் கேட்கிறீர்கள், அதே நொடியில் வேறொருவர் 61 என்று முன்னால் நிற்கிறார். 65 கேட்டால் அவர் 66. விற்கிறவனே இன்னொரு கணக்கில் வந்து ஏற்றிவிடுகிறான் என்றுதான் உடனே தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த வேகத்தில் மனிதர் யாரும் தட்டச்சு செய்வதில்லை, அது தளத்தின் தானியங்கி. அவர் நேற்றே "90 வரை எனக்குச் சம்மதம்" என்று உச்சத் தொகையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார். உங்களைத் தாண்டத் தேவையான அளவுக்கு மட்டும் ஈபே அவர் சார்பில் ஏற்றிக்கொண்டே இருக்கும்: விலை 25 முதல் 100 டாலருக்குள் இருந்தால் ஒரு டாலர் படி, 100 முதல் 250 வரை இரண்டரை டாலர் படி. கள்ள ஏலம் என்று வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாடு புரியாமல் வருவதுதான் என்பது என் கணிப்பு.

சரி, உண்மையிலேயே செட்டப் என்றால் எப்படித் தெரியும்? பொருளின் பக்கத்தில் எத்தனை ஏலம் வந்திருக்கிறது என்று ஓர் எண் இருக்கும், அதைச் சொடுக்கினால் ஏல வரலாறு திறக்கும். பெயர்கள் இரண்டு எழுத்தும் நடுவில் நட்சத்திரங்களுமாக மறைக்கப்பட்டிருக்கும், பக்கத்தில் ஃபீட்பேக் எண் (அவரோடு வியாபாரம் செய்தவர்கள் கொடுத்த மதிப்பீடுகளின் கணக்கு). ஒருவரின் பெயரைச் சொடுக்கினால் கடந்த 30 நாளில் எத்தனை பொருளுக்குக் கேட்டார், அதில் இந்த விற்பனையாளரின் பொருட்களுக்கு எத்தனை சதவீதம், எத்தனை முறை கேட்டதை வாபஸ் வாங்கினார் என்ற சுருக்கம் வரும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "100 சதவீதம்" என்று பார்த்ததும் பினாமி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாதத்தில் ஒரே ஒரு பொருளுக்குக் கேட்டவருக்கும் 100 சதவீதம்தான் காட்டும். தபால்தலை, நாணயம் மாதிரி குறுகிய வட்டத்தில் ஒரே வியாபாரியிடம் வருடக்கணக்காக வாங்குகிற சேகரிப்பாளருக்கும் அப்படித்தான் வரும்.

கவனிக்க வேண்டியது பல அடையாளங்கள் ஒரே ஆளிடம் சேர்வதை. ஃபீட்பேக் பூஜ்யமோ சொற்பமோ, கேட்டது பத்து பதினைந்து பொருள், அத்தனையும் ஒரே விற்பனையாளருடையவை, அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை (லென்ஸ், பொம்மை, கைக்கடிகாரம்), எதிலும் ஜெயித்ததாகத் தெரியவில்லை. இதோடு நேரத்தையும் பாருங்கள். பினாமிக்கு ஜெயிப்பதுதான் பயம், அதனால் ஆரம்ப நாட்களில் சின்னச் சின்னப் படியாக ஏறி, உங்கள் உச்சத்தைத் தொடுகிற மாதிரி வந்து, கடைசி நாளில் காணாமல் போவார். அப்புறம் அந்த விற்பனையாளரின் விற்று முடிந்த பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். நல்ல விலைக்குப் "விற்ற" பொருள் ஒரு வாரத்தில் அதே புகைப்படத்தோடு திரும்ப ஏலத்துக்கு வருவது அடிக்கடி நடந்தால், ஏற்றிவிட்டவரே தவறிப்போய் ஜெயித்துவிட்டார் என்று யோசிக்கலாம். ஒன்றிரண்டு தடவை என்றால் விடுங்கள், ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் ஓடுகிறவர்களும் அங்கே தாராளமாக இருக்கிறார்கள்.

எனக்கு இதில் மிக மோசமாகத் தெரிவது வாபஸ் தந்திரம். லென்ஸ் இப்போது 102.50 டாலரில் நிற்கிறது, நீங்கள்தான் முன்னணி, உங்கள் உச்சம் 180. அது உங்களுக்கும் தளத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். திடீரென ஒரு கணக்கு 500 கேட்கிறது. விலை 182.50க்குத் தாவி அவர் முன்னால் வருகிறார். உங்கள் உச்சம் 180 என்பது இப்போது ஊருக்கே தெரியும். உடனே "தொகையைத் தப்பாக அடித்துவிட்டேன்" என்று வாபஸ் வாங்குகிறார், விலை பழையபடி 102.50க்கு இறங்குகிறது, நீங்களும் நிம்மதியாகிறீர்கள். மறுநாள் வேறொரு கணக்கு சரியாக 175 கேட்கிறது. நீங்கள் 177.50இல் முன்னணி, ஜெயித்தும் விடுவீர்கள், அதாவது 75 டாலர் கூடுதலாகக் கொடுத்து. தொகையைத் தவறாக அடித்தால் வாபஸ் வாங்க ஈபே விதியிலேயே இடம் உண்டு, ஏலம் முடிய 12 மணி நேரத்துக்குள் என்றால் மட்டும் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாங்கியாக வேண்டும். தப்பாக அடித்தவர் சரியான தொகையை உடனே திரும்பக் கேட்க வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு. அப்படிக் கேட்காமல் மறைந்துவிட்டால், அதுவும் வாபஸ் எண்ணிக்கை ஏற்கெனவே அதிகமாக உள்ளவர் என்றால், நான் அந்த ஏலத்தை நம்ப மாட்டேன்.

இந்த இரண்டு வித்தைக்கும் ஒரே தேவை, உங்கள் உச்சத் தொகை முன்கூட்டியே தளத்துக்குள் இருக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் இருங்கள். அதே பொருள் முன்பு என்ன விலைக்கு விற்றிருக்கிறது என்று விற்று முடிந்தவற்றில் தேடி, தபால் செலவு, இந்தியாவுக்கு வருவதென்றால் சுங்க வரி எல்லாம் கழித்து, இதற்கு மேல் ஒரு காசு இல்லை என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். கடைசிப் பத்து நொடி வரை வாயைத் திறக்காமல் இருந்து, அந்தத் தொகையை ஒரே தடவையாகப் போடுங்கள். கடைசி நொடியில் கேட்பதை ஈபே தடை செய்யவில்லை. பினாமி உங்களைச் சீண்டிப் பார்க்க நேரமே இருக்காது. அமெரிக்க மேற்குக் கடற்கரையில் கோடையில் மாலை 6 மணிக்கு முடிகிற ஏலம் நமக்கு மறுநாள் காலை 6.30, எழுந்திருக்க முடியாதவர்களுக்காகக் கடைசி நொடியில் தானாகக் கேட்டுக்கொடுக்கிற சேவைகள் உண்டு. ஆனால் சிலவற்றுக்கு உங்கள் கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டியிருக்கும், அந்தச் சம்மதம் உங்கள் விருப்பம். ஏற்கெனவே விற்பனையாளரே 80 டாலருக்கு மேல் ஏற்றிவைத்திருந்தால்? நீங்கள் முடிவு செய்த தொகை 80 என்றால் விட்டுவிடுங்கள். அவர் தன் பொருளைத் தானே வாங்கிக்கொள்ளட்டும்.

நீங்கள் தோற்ற இரண்டு நாளில் "ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, உங்கள் தொகைக்கே தருகிறேன்" என்று செகண்ட் சான்ஸ் ஆஃபர் வருகிறதா? சட்டப்படி சரியான வசதிதான், ஏலம் முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம். ஆனால் அதில் இருக்கும் விலை உங்கள் முழு உச்சம். ஏல வரலாற்றைத் திறந்து அந்த ஜெயித்தவரின் ஏலத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்: அவர் இல்லாவிட்டால் உங்களுக்கு அடுத்தவர் எங்கே நின்றிருப்பார்? அவர் 110 கேட்டு நின்றிருந்தால் நியாயமாக உங்கள் விலை 112.50. ஆஃபரை மறுத்தால் எந்தத் தண்டனையும் கிடையாது. வேண்டும் என்றால் 112.50க்குத் தருவாரா என்று மரியாதையாக, ஈபே செய்திப் பெட்டி வழியாகவே கேளுங்கள். வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அது வேறு வகை மோசடி, பதிலே போடாதீர்கள்.

சந்தேகம் வலுத்தால் புகார் செய்யுங்கள், பொருளின் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கிறது. பொருள் எண், சந்தேகப்படும் மறைபெயர்கள், அதே கணக்கு கேட்ட மற்ற ஏலங்களின் எண்கள் இவற்றை எழுதினால் போதும், கோபத்தை எழுத வேண்டாம். நண்பர், குடும்பத்தார், கூட வேலை செய்பவர் யாரும் விற்பனையாளருக்காக ஏலம் கேட்கக் கூடாது என்பது ஈபே விதி. அந்தக் கணக்குகளுக்குள் என்ன தொடர்பு என்று தளத்தால்தான் பார்க்க முடியும், நமக்கு முடியாது. என்ன முடிவெடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். விற்பனையாளரிடம் நேரடியாகச் சண்டைக்குப் போவதில் எந்தப் பயனும் இல்லை, உஷாராகி அடுத்த கணக்கைத் திறப்பார், அவ்வளவுதான்.

ஜெயித்த பிறகுதான் தெரிகிறது என்றால் கொஞ்சம் சிக்கல். ஈபேயின் பணம் திரும்பக் கிடைக்கும் உத்தரவாதம் பொருள் வராததற்கும் விவரித்தபடி இல்லாததற்கும் மட்டும், விலை ஏற்றிவிடப்பட்டதற்கு இல்லை. "பொருள் சரியில்லை" என்று பொய்யாகப் புகார் கொடுக்காதீர்கள், பணம் கட்டாமலும் இழுக்காதீர்கள், இரண்டும் உங்கள் கணக்கில்தான் கறையாகும். பணம் கட்டும் முன்பே தளத்தின் உதவிப் பிரிவில் ஆதாரத்தோடு பேசிப் பார்ப்பதுதான் வழி.

இது வெறும் தள விதி மீறல் என்று நினைக்க வேண்டாம். 2000 மே மாதம் அமெரிக்காவில் சாக்ரமெண்டோ வழக்கறிஞர் ஒருவர், ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது போலத் தோன்றும்படி ஓர் ஓவியத்தை 25 சென்ட்டில் ஏலத்துக்கு விட்டார், அது 1,35,805 டாலர் வரை போனது. அவரே தன் பொருளுக்கு ஏலம் கேட்டிருந்தது தெரிந்து ஈபே விற்பனையை ரத்து செய்தது, கூட்டாளிகளோடு பல கணக்குகளில் ஏற்றிவிட்டது பிறகு வெளிவந்து, வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் 2010இல் மினிபஸ் விற்ற ஒருவர் இதே வேலைக்காகத் தண்டிக்கப்பட்டார்.

இந்தியாவுக்குள் நடக்கிற ஏலம் என்றால் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவு இருக்கிறது: விற்பவர் போலியாக ஏலம் கேட்டு விலையை ஏற்றினால், அந்த விற்பனையை ரத்து செய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு. ஒரு விலக்கும் அதே பிரிவில் உள்ளது, ஏலம் கேட்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வதாக விற்பவர் முன்பே வெளிப்படையாக அறிவித்திருந்தால் அவர் கேட்கலாம். அதனால் நாணயம், தபால்தலை விற்கிற ஏல நிறுவனங்களின் தளத்தில் பதிவு செய்யும்போது, யாரும் படிக்காத அந்த நீண்ட நிபந்தனைப் பக்கத்தில் "ரிசர்வ் விலை வரை விற்பவர் சார்பில் நாங்களே கேட்போம்" என்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள் (ரிசர்வ் விலை என்பது இதற்குக் குறைந்தால் விற்க மாட்டேன் என்று விற்பவர் வைக்கிற தொகை). இருந்தால், ரிசர்வ் விலையைத் தொடும்வரை உங்களோடு போட்டி போடுகிறவர் நிஜ ஆளே இல்லாமலும் இருக்கலாம், அதற்குப் புகார் செய்யவும் முடியாது.